மென்மையின் வன்மை
ஆசிய விளையாட்டு விழாவில் ஜூஜிற்சு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில், உடுவிற் பகுதியைச் சார்ந்த மருதனார்மடத்தை அடைவோர், ஆங்கு ஆஞ்சநேயப் பெருமானின் நெடிய திருவுருவத்தைக் கண்டு கைகூப்பிச் செல்வர். வட இந்திய மற்களரிகளிலே மல்லர் பயிற்சி தொடங்குமுன் வணங்குவதும் இப்பெருமானையே. ஆற்றலில் ஒப்பற்றவன், எனினும் தன் ஆற்றலைத் தானே மறந்திருந்தவன், சாம்பவன் நினைவூட்டிய பின்னரே கடல் தாவியவன், தாவியதும் தன்பொருட்டன்று, பிறர்பொருட்டே. இராமகாதை காட்டும் அனுமனது இயல்பு இது. மிக்க வலிமையும் மிக்க அடக்கமும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் கூடுமோ என்னும் வினாவுக்கு அத்திருவுருவமே விடையாக நிற்கின்றது.

மற்போர்க் கலைகள் யாவும் இவ்வினாவைச் சுமந்தே வந்துள்ளன. பிறரை வீழ்த்தவும், மூட்டைத் திருகவும், மூச்சை அடக்கவும் கற்பிக்கும் ஒரு கலை, கற்போனை முரடனாக்குமா? பண்புடையோனாக்குமா? 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இந்தோனேசியத் தலைநகராகிய ஜகார்த்தாவிலும் பலெம்பாங்கிலும் நடைபெற்ற 18ஆவது ஆசிய விளையாட்டு விழாவில், ஜூஜிற்சு என்னும் யப்பானியப் பிடிப்போர் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அன்றுமுதல் இவ்வினா ஆசிய நாடுகளின் பெற்றோரையும் ஆசிரியரையும் நேரே வந்து அடைந்துள்ளது. விடை காண வேண்டின், அக்கலை எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குவது, போட்டியிலே எவ்விதிகளால் கட்டுப்படுவது என்பவற்றை முறையே ஆராய்தல் வேண்டும்.

பெயரும் பிறப்பும்

‘ஜூ’ என்னும் யப்பானியச் சொல் மென்மை, வளைந்து கொடுத்தல் எனப் பொருள்படும். ‘ஜிற்சு’ என்பது கலை, செய்முறை எனப்படும். ஆகவே ஜூஜிற்சு என்பது ‘வளைந்து கொடுக்கும் கலை’ எனப் பொருள் தரும். பெரும் பனிக்காலத்திலே விறைத்து நிற்கும் கிளை பனியின் பாரம் தாங்காது முறிகின்றது. வளையும் கிளையோ பனியைச் சரியவிட்டு மீண்டும் நிமிர்கின்றது. இவ்வுவமையை யப்பானியர் இக்கலைக்குப் பொருத்தமாகக் கூறுவர்.

பெயர் மென்மையானதேனும் பிறப்பு மென்மையானதன்று. யப்பான் நாட்டுப் போர்வீரர் வாளும் ஈட்டியும் கைந்நழுவிய வேளையில் வெறுங்கையராய்ப் பகைவனை அடக்குதற்கென வகுத்த முறையே இது. கவசம் அணிந்தவனைக் கையால் அடித்துப் பயனில்லை. ஆதலின் அவனைப் பற்றுதல், சாய்த்தல், மூட்டை மடக்குதல், கழுத்தை நெரித்தல் என்னும் வழிகள் வளர்ந்தன. ஆசிரியர் மரபுக்கேற்பப் பல பிரிவுகள் தோன்றின. அவற்றுட் பழைமையானவற்றுள் ஒன்றாகிய தக்கேனூச்சி மரபு 1532ஆம் ஆண்டில் தோன்றியதெனக் கூறப்படும்.

1868ஆம் ஆண்டில் யப்பானில் அரசியல் மாற்றம் நிகழ்ந்தது. 1876இல் வீரர் குடியினர் வாள் அணிதல் தடைசெய்யப்பட்டது. மேனாட்டுக் கல்வியும் படைமுறையும் நாடெங்கும் பரவின. பழைய ஆசான்மார் மாணாக்கரின்றி வருந்தினர். இந்நிலையில் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தவர் ஒரு படைத்தலைவர் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர். அவரே 1860இல் பிறந்த ஜிகொரோ கானோ என்பவர். சிற்றுடலினராகிய அவர் பள்ளிப் பருவத்திலே வலிய மாணவரால் துன்புறுத்தப்பட்டு, அதனின்று மீளுதற்பொருட்டே ஜூஜிற்சு பயின்றார். இரு மரபுகளை ஆழக் கற்றபின், உயிருக்குக் கேடு விளைக்கும் முறைகளை நீக்கி, பயிற்சிக்கு ஏற்றவற்றைத் தொகுத்து, 1882இல் டோக்கியோ நகரத்து ஏய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரித்த ஒரு சிற்றறையிலே தம் பள்ளியைத் தொடங்கினார். தாம் திருத்தி அமைத்த முறைக்கு அவர் இட்ட பெயர் ஜூடோ. அதாவது ‘மென்மை நெறி’. ‘கலை’ என்றிருந்ததை ‘நெறி’ என மாற்றியமையே அவர் உள்ளக்கிடக்கையைப் புலப்படுத்தும். ஆற்றலை நற்பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கு வாழ்தல் என்னும் இரண்டும் அவர் வகுத்த அறங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராகப் பணியாற்றிய அவர், 1909இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியருமாவர்.

கானோவின் பள்ளியிற் பயின்ற மித்சுயோ மயேடா என்பவர் நாடு பல சுற்றி 1914இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவர்தம் உடன்பிறந்தாரும் தரையிற் கிடந்து பொரும் பகுதியைத் தனிச்சிறப்புடன் வளர்த்தனர். தம்பியருள் ஒருவராகிய ஹேலியோ கிரேசி மெலிந்த உடலினர். ஆதலின் வலிமை குறைந்தோர்க்கும் இயலுமாறு பிடிகளை நுணுக்கிச் செப்பனிட்டார். இங்ஙனம் யப்பானிலே பிறந்து, பிரேசிலிலே வளர்ந்து, மீண்டும் ஆசியாவுக்கு வந்த கலையே இன்று ஆசிய விளையாட்டு விழாவில் காணப்படுவது.

துலாவும் கைப்பூட்டும்

மெலியோன் வலியோனை வெல்லுதல் எங்ஙனம்? இதற்கு மறைபொருள் எதுவும் இல்லை. உடுவிற் செம்மண் தோட்டங்களிலே நீர் இறைக்கும் இயந்திரங்கள் வருமுன் துலா மிதித்த உழவர் அறிந்திருந்த உண்மையே இதற்கு அடிப்படை. நெடிய துலாவின்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, ஆழ்கிணற்றிலிருந்து நீர் நிறைந்த பட்டை எளிதாக மேலெழும். நடப்பவர் வீமனாயிருத்தல் வேண்டுவதில்லை. தாங்குமிடம் எது, பாரம் எவ்விடத்தில் விழுதல் வேண்டும் என்பதை அறிந்தாற் போதும்.

கைப்பூட்டு என்னும் பிடியும் இத்தன்மையதே. கீழே கிடப்பவர் எதிரியின் ஒரு கையின் மணிக்கட்டைத் தம் இரு கைகளாலும் பற்றித் தம் மார்போடு அணைக்கின்றார். இரு கால்களையும் எதிரியின் மார்பின்மீதும் முகத்தின் மேலாகவும் இடுகின்றார். எதிரியின் முழங்கை மூட்டுத் தம் இடுப்பின்மேல் அமையுமாறு செய்து, இடுப்பை உயர்த்துகின்றார். கையே துலாவாகவும், இடுப்பே அதனைத் தாங்கும் ஆடுகாலாகவும் ஆகிவிடுகின்றன. முழங்கை ஒரு திசையில் மட்டும் மடங்கும் மூட்டு. அதற்கு மாறான திசையில் ஒருவரது உடல் முழுவதின் ஆற்றலும் செலுத்தப்படும்போது, எத்துணை வலிய தோளும் அதனை எதிர்த்து நிற்றல் அரிது. முழு உடலை ஒரு மூட்டோடு பொரச் செய்தலே இக்கலையின் உட்பொருள்.

கழுத்துப்பிடியும் இவ்வாறே விளக்கத்தக்கது. கழுத்தின் இருமருங்கும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடிகள் உள்ளன. முன்கையாலோ, எதிரியின் சட்டைக் கழுத்துப் பட்டியாலோ அவை இரண்டும் ஒருங்கே அழுத்தப்படின், சில விநாடிகளில் உணர்வு மயங்கும். பிடி உடனே தளர்த்தப்படின் உணர்வு மீளும். தளர்த்தப்படாவிடின் கேடு நேரும். இக்காரணத்தாலேயே இக்கலையை ஆசிரியரின்றிப் பழகுதலும், சிறுவர் தம்முள் விளையாட்டாகச் செய்து பார்த்தலும் முற்றாக விலக்கத்தக்கன.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஜூஜிற்சுப் போட்டி ஒன்றைக் கூர்ந்து நோக்குவோர் அம்மூன்றும் பாயின்மீது நிகழக் காண்பர். ஆழ்நீரில் வெல்லும் முதலை நீரை விட்டு நீங்கின் பிறவற்றாற் கொல்லப்படும் என்பதும், களிற்றை வீழ்த்தும் ஆற்றலில்லாத நரியும் சேற்றிலே கால் ஆழ்ந்த களிற்றைக் கொல்லும் என்பதும் இடனறிதல் கூறும் உவமைகள். நின்று பொருவதில் வல்லவனைத் தரைக்கு இறக்கி, அவன் அறியாத நீரிலே தான் முதலையாவதே தரைப்போர் வல்லோரின் சூழ்ச்சி.

தமிழர் மரபில் மற்போர்

பிடிப்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைப் புறநானூற்றிலே சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு காலை மல்லனது மார்பின்மீது ஊன்றி, மற்றொரு காலை அவன் முதுகுப்புறத்தே செலுத்தி, பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோலத் தலையும் காலும் வளைய அவனை முறித்தான் என்பது அப்பாடலின் கருத்து. மகனோடு மனம் வேறுபட்ட தந்தை தித்தன் அதனைக் காணல் வேண்டுமே என்பது புலவரது ஏக்கம். மார்பிலும் வயிற்றிலும் முழங்காலை ஊன்றி அடக்குதற்கு இன்றைய ஜூஜிற்சு விதிகள் புள்ளி வழங்குகின்றன என்பதை அறிவோர், அப்புலவரின் கண்கள் எத்துணைக் கூர்மையானவை என வியப்பர்.

பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பூண்டான். கடல்மல்லைத் துறைமுகம் மாமல்லபுரம் என வழங்கியது அதனாலேயே. சிங்கள மக்களிடையே அங்கம்பொர என்னும் பழங்கலை பேணப்பட்டு வந்துள்ளது. அதிலும் பிடியும் பூட்டும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுவர் அறிந்த கபடியும் ஒருவகையில் பிடிப்போரே: பாடி வருவோனை மூச்சு முடியும்வரை பற்றி நிறுத்துதல் அதன் உயிர். ஊர் வெளிகளில் ஆடப்பட்ட அக்கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கப் போட்டியாயிற்று. ஊர் விளையாட்டு உலக அரங்கேறுதற்கு வேண்டுவன எழுதப்பட்ட விதி, பயிற்றப்பட்ட நடுவர், ஒழுங்கான அமைப்பு ஆகிய மூன்றே என்பதற்கு அஃது ஒரு சான்று.

போட்டியும் விதிகளும்

அனைத்துலக ஜூஜிற்சுச் சம்மேளனத்தின் போட்டிகள் பலவகைப்படும். ஒருவகையில் அடித்தல், எறிதல், தரையில் அடக்குதல் ஆகிய மூன்றும் உண்டு. மற்றொரு வகையில் இருவர் இணைந்து, தாக்குதலைத் தடுக்கும் முறைகளை நடுவர்முன் செய்து காட்டுவர். மூன்றாவது ‘நெவாசா’ எனப்படும் தரைப்போர். ஆசிய விளையாட்டு விழாக்களில் இதுவரை இடம்பெற்றது தரைப்போர் ஒன்றே. அதில் அடித்தலும் உதைத்தலும் அறவே இல்லை.

இருவரும் தடித்த சட்டையும் இடைவாரும் அணிந்து, பாயின் நடுவே வணங்கி நின்று தொடங்குவர். வயதுவந்தோர்க்கு ஆறு நிமிடமே காலம். எதிரியை நின்ற நிலையிலிருந்து தரையில் வீழ்த்தினால் இரண்டு புள்ளி. கீழே கிடந்தவர் மேலே உள்ளவரைப் புரட்டி மேனிலை எய்தினால் இரண்டு. முழங்காலை வயிற்றில் ஊன்றி அடக்கினால் இரண்டு. எதிரியின் கால்களாகிய அரணைக் கடந்து பக்கத்தை அடைந்தால் மூன்று. மார்பின்மீது ஏறி அமர்ந்தாலோ, பின்புறத்தைக் கைக்கொண்டாலோ நான்கு. இந்நிலைகளை மூன்று விநாடி நிலைநிறுத்துதல் வேண்டும்; தற்செயலாக நேர்ந்த நிலைக்குப் புள்ளி இல்லை.

புள்ளிகளின் ஏறுவரிசை பொருளற்றதன்று. எந்நிலையில் எதிரி தப்புதல் மிக அரிதோ அந்நிலைக்கே மிக்க புள்ளி. ஆயினும் புள்ளி எத்துணை கூடினும், ஒருவர் பூட்டிலோ கழுத்துப்பிடியிலோ அகப்பட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால் போட்டி அக்கணமே முடிந்துவிடும். ஒப்புக்கொள்ளும் முறை எளியது: எதிரியின் உடலையோ பாயையோ கையால் தட்டுதல். தட்டிய மறுகணமே பிடி விடப்படுதல் வேண்டும். கை அகப்பட்டிருப்பின் வாயாற் சொல்லலாம். தட்டாதவன் உடலுக்கு ஊறு நேரும் எனக் கண்டால் நடுவரே போட்டியை நிறுத்துவர். இச்சிறு தட்டிலே இக்கலையின் அறம் முழுதும் அடங்கியுள்ளது.

ஜகார்த்தாவும் ஹாங்சோவும்

ஆசிய விளையாட்டு விழா 1951இல் புதுடில்லியில் தொடங்கியபோது பங்குபற்றிய 11 நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது விழாவிலே உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஈட்டித் தந்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆகவே அவ்விழா யாழ்ப்பாணத்து மக்களுக்கு அயலார் விழாவன்று. யப்பானியர் விழாவாக நடந்த அந்த 1958இலும் ஜூடோ இடம்பெறவில்லை. 1986இல் சியோலிலேதான் அது சேர்க்கப்பட்டது. அதன் மூத்த உடன்பிறப்பாகிய ஜூஜிற்சு மேலும் 32 ஆண்டுகள் காத்திருந்தது. 2017இல் துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் நடந்த ஆசிய உள்ளரங்கு, மற்கலை விளையாட்டு விழாவில் இடம்பெற்றபின், 2018இல் ஜகார்த்தாவை அடைந்தது.

ஜகார்த்தாவில் 8 எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஆடவர்க்கு 6, மகளிர்க்கு 2. மகளிர் 49 கிலோப் பிரிவில் கம்போடிய நாட்டின் சார்பிற் பொருத இளநங்கை ஜெசா கான் தங்கம் வென்றார். அந்நாடு அவ்விழாவில் பெற்ற தங்கங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று இது. மகளிர் 62 கிலோப் பிரிவில் தென்கொரியாவின் சுங் கி-ரா முதலிடம் பெற்றார். ஆடவர் 94 கிலோப் பிரிவில் ஐக்கிய அராபிய அமீரகத்தின் பைசல் அல் கெத்பி வாகை சூடினார்.

அடுத்த விழா சீனத்து ஹாங்சோ நகரில் 2022இல் நடைபெறவேண்டியது. கொள்ளைநோய் காரணமாகப் பிற்போடப்பட்டு 2023 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நடந்தது. இம்முறையும் பிரிவுகள் 8. ஆனால் ஆடவர்க்கு 4, மகளிர்க்கு 4 எனச் சமமாகப் பகிரப்பட்டன. மகளிர் 48 கிலோப் பிரிவில் மெகி ஒச்சோவாவும், 57 கிலோப் பிரிவில் அனி இராமிரசும் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குத் தங்கம் ஈட்டினர். அந்நாடு அவ்விழா முழுவதிலும் பெற்ற தங்கங்கள் நான்கு. அவற்றிற் பாதி இவ்விரு பெண்களின் கைவண்ணம். ஆடவர் 77 கிலோப் பிரிவில் தென்கொரியாவின் கூ பொன்-சொல் வென்றார். பைசல் அல் கெத்பி இம்முறை 85 கிலோப் பிரிவில் மீண்டும் தங்கம் பெற்றார்.

இவ்வெற்றிகளுள் ஆராயத்தக்கது ஒன்றுண்டு. அமீரகத்துக்கு யப்பானிய மற்கலையில் பழைய மரபு ஏதும் இல்லை. 2008ஆம் ஆண்டளவில் அபுதாபியிலே பாடசாலைகளின் உடற்கல்விப் பாடத்தில் ஜூஜிற்சு புகுத்தப்பட்டது. பிரேசில் நாட்டு ஆசிரியர் பலர் வருவிக்கப்பட்டனர். பத்தாண்டுகளில் அந்நாடு ஆசியாவின் முன்னணியில் நின்றது. பெரும் பொருள் செலவிடப்பட்டது என்பது உண்மையே. எனினும் அப்பொருள் முதலிற் சென்ற இடம் பள்ளிக்கூடம் என்பதும் உண்மை. வீரர் விளையாட்டரங்கிலே தோன்றுவதில்லை. வகுப்பறைக்கு அருகேயுள்ள பாயிலேயே தோன்றுகின்றனர்.

எடைப்பிரிவு எழுப்பும் ஐயம்

மென்மை வன்மையை வெல்லும் எனின், போட்டியிலே எடைப்பிரிவு எதற்கு என வினவுதல் இயல்பே. இவ்வினாவுக்குக் காலம் அளித்த விடை 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உள்ளது. ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற அவ்வாண்டில், எடை வரம்பில்லாத பிரிவும் ஒன்று இருந்தது. கலையின் மேன்மையை அதிலேயே நிறுவலாம் என யப்பானியர் நம்பினர். ஆனால் இறுதிப் போட்டியில் ஒல்லாந்து தேசத்து நெடும் பேருடலினராகிய அன்ரன் கீசிங், யப்பானிய வீரர் அக்கியோ கமினாகாவைத் தரையில் அடக்கி வென்றார். நிப்பொன் புடோக்கான் மண்டபம் உறைந்து போயிற்று.

கலை பொய்த்ததோ? அன்று. கீசிங்கும் அதே கலையை யப்பானிலே ஆண்டுக்கணக்காகப் பயின்றவர். கலை இருவர்க்கும் சமமாயின், எஞ்சிய வேறுபாடு உடலினுடையதே. கற்றவன் கல்லாத வலியோனை வெல்லலாம். கற்ற மெலியோன் கற்ற வலியோனை வெல்லுதல் அரிது. எடைப்பிரிவு இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளும் நேர்மையாகும். ஆயினும் இதிலும் ஒரு தீங்கு உண்டு. குறைந்த பிரிவிற் புகுவதற்காக உண்ணாதும் நீர் பருகாதும் எடையைக் குறைக்கும் வழக்கம் உலகெங்கும் பிடிப்போர் விளையாட்டுகளிற் காணப்படுகின்றது. வளரும் பருவத்து மாணவரை இதற்கு உட்படுத்துதல் உடற்கல்விக்கே மாறானது.

அன்று புடோக்கானில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் மறக்கற்பாலதன்று. கீசிங் வென்ற கணத்தில் அவர் நாட்டினர் சிலர் களிப்பு மேலிட்டுப் பாயின்மீது ஓடிவரத் தலைப்பட்டனர். கீசிங் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தி, தோற்ற கமினாகாவுக்கு உரிய வணக்கத்தைச் செலுத்திய பின்னரே எழுந்தார். தம் வீரர் தோற்றமைக்காக வருந்திய யப்பானியர், கலையின் பண்பு ஒல்லாந்தர் ஒருவரிடத்தே வாழ்வது கண்டு ஆறுதலுற்றனர். அதே மண்டபத்தில் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோப் போட்டியில் இலங்கை வீரர் சாமர தர்மவர்தனவும் பங்குபற்றினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தோல்வியை ஒப்புதல்

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பிரேசிலின் ரியோ நகரத்து மரக்கானா அரங்கிலே யப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவும் ஹேலியோ கிரேசியும் பொருதனர். கிமுரா உடலாற் பெரியவர். அக்காலத்து ஒப்பற்ற வீரர் எனப் புகழப்பட்டவர். அவர் ஹேலியோவின் கையைப் பின்புறமாக மடக்கிப் பூட்டினார். ஹேலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்தது, அப்போதும் தட்டவில்லை. இறுதியிலே அண்ணன் கார்லோஸ் துவாலையை எறிந்து போட்டியை நிறுத்தினார். அன்று கிமுரா இட்ட பூட்டு இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஹேலியோவின் உறுதியைப் போற்றுவோர் பலர். அவ்வுறுதி வியத்தற்குரியதே, ஆயினும் மாணவர்க்கு அதனை முன்மாதிரியாகக் காட்டுதல் தகாது. பள்ளிச் சிறுவன் ஒருவன் தட்ட மறுத்து முழங்கையை இழப்பானாயின், அவன் இழப்பது ஒரு போட்டியை அன்று. எழுதும் கையையே இழக்கின்றான். அன்று துவாலை எறிந்த தமையனின் விவேகமே இன்றைய விதிகளிலே நடுவரின் அதிகாரமாக வடிவெடுத்துள்ளது.

தட்டுதல் கோழைமையன்று. ‘இக்கணத்தில் நீ என்னை வென்றாய், என் உடலை உன் பொறுப்பில் விடுகின்றேன்’ என்று கூறும் நம்பிக்கை அது. அத்தட்டை உணர்ந்த மறுகணமே பிடியை விடுதல், வென்றவன் தோற்றவனுக்குச் செய்யும் கைம்மாறு. பயிற்சிக் கூடத்திலே ஒரு மாணவன் ஒரு மாலைப்பொழுதிற் பத்து முறை தட்டுவான்; பத்து முறை தட்டப்பெறுவான். தேர்விலும் வாழ்விலும் தோல்வியைத் தாங்கமாட்டாது இளைஞர் பலர் மனமுடையும் இந்நாளில், நாள்தோறும் சிறிது தோற்று, எழுந்து, வணங்கி, மீண்டும் தொடங்கும் பழக்கம் ஏட்டுக் கல்வி தராத ஒரு கல்வியாகும். இக்கலையின் முதற்பாடமே விழுதல் என்பது குறிக்கத்தக்கது: தலை நிலத்தில் மோதாது, கையால் பாயை அறைந்து, விழுகையின் வேகத்தைச் சிதறச் செய்து விழுதலைக் கற்றபின்னரே பிறரை வீழ்த்தக் கற்பிப்பர்.

மகளிரும் இக்கலையும்

1824இல் அமெரிக்க மிஷனரிமார் மகளிர்க்கென உடுவிலிலே விடுதிப் பாடசாலையை நிறுவினர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்மக்களுக்கென மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியைத் தொடக்கினார். பெண்கள் வீட்டை விட்டு வந்து கற்றல் தகுமோ என்னும் ஐயம் எழுந்த காலத்தே அதற்குச் செயலால் விடையிறுத்த ஊர் இது. அவ்வூரின் வரலாற்றை அறிந்தோர், பெண்கள் பாயில் இறங்கிப் பொருதல் தகுமோ என்னும் இன்றைய ஐயத்தையும் பொறுமையுடன் ஆராய்வர்.

இங்கிலாந்திலே மகளிர் வாக்குரிமைக்காகப் போராடிய காலத்தில், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய எடித் காரட் என்னும் பெண்மணி, போராட்டத் தலைவியரைக் காத்து நின்ற மகளிர் காவலர்க்கு ஜூஜிற்சு பயிற்றினார். உடலளவிற் குறைந்தோர் தம்மைக் காத்துக்கொள்ளுதற்கென அமைந்த கலை, வலிமை மிக்க ஆடவரினும் மகளிர்க்கே மிகுதியும் பயன்படும் என்பதை அவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே காட்டினார். ஜகார்த்தாவில் எட்டில் இரண்டாக இருந்த மகளிர் பிரிவுகள் ஹாங்சோவில் எட்டில் நான்காக உயர்ந்தமை அவ்வுண்மையை ஆசியா தாமதித்தேனும் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளம். மகளிர்க்கு மகளிரே ஆசிரியராதல், தகுந்த உடை, பெற்றோரின் இசைவு என்பன உறுதிப்படுத்தப்படின், எஞ்சிய தடை மனத்தடை ஒன்றே.

முடிவுரை

ஜூஜிற்சு அபாயமற்ற விளையாட்டு எனல் பொய்யாகும். தகுதிபெற்ற ஆசிரியர், தடித்த பாய், வயதுக்கேற்ற வரம்பு, கழுத்துப்பிடியையும் கடிய பூட்டுகளையும் இளஞ்சிறார்க்கு விலக்கல், முதலுதவி ஏற்பாடு ஆகிய இவை இல்லாத இடத்தில் இதனைத் தொடங்காமையே நன்று. இவை உள்ள இடத்தில் இது தரும் பயன் பதக்கத்தினும் பெரியது. பதக்கம் எட்டுப் பிரிவுகளில் எண்மர்க்கே முதலாவதாகக் கிட்டும். விழுந்து எழுதலும், பிடித்ததை விடுதலும், வென்ற பின்னும் வணங்குதலும் பயின்றோர் எல்லார்க்கும் கிட்டும்.

போர்க்களத்தில் உயிர் கொள்ளப் பிறந்த கலையை ஓர் ஆசிரியர் பள்ளிக்குக் கொணர்ந்தார். விதிகள் அதனை விளையாட்டாக்கின. தட்டுதல் என்னும் சிற்றொலி அதனை அறமாக்கியது. வலிமையைப் பெறுதல் பயிற்சியின் பாதி. பெற்ற வலிமையை உரிய கணத்தில் நிறுத்துதல் மறுபாதி. மருதனார்மடத்துத் தெருவில் நாள்தோறும் செல்லும் மாணவர், ஆங்கு நிமிர்ந்து நிற்கும் பெருமானின் பேருருவை நோக்குங்கால், அப்பேருருவே சீதாபிராட்டியின் முன்னர்க் கைகூப்பிச் சிறுத்து நின்றது என்பதையும் உடன் நினைப்பாராக.